பியானோ மேடையில் என் கைவரிசை

இன்று பெங்களூரில் மேடையேறிவிட்டேன். பியானோ வாசிக்க அல்ல, வாசிப்பவர் பார்க்கும் நோட்ஸ் புத்தகத்தின் பக்கம் திருப்ப.

வாசித்தது என் கொழுந்தியா ஸ்டெல்லாவும் தோழிகள் மூவரும். இரண்டு பியானோ, நாலு பேர். மற்ற மூவரும் வேலையை உதறிவிட்டு இதிலேயே இருக்கிறார்கள். ஸ்டெல்லா மட்டும் ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறாள். இன்று வந்திருக்கும் தேர்வுக் குழு தேர்ந்தெடுத்தால் ஒரு வருடம் ஊர் ஊராகக் கச்சேரி. அவளும் வேலையை விடலாம்.

வழக்கமாகப் பக்கம் திருப்பும் பெண்ணுக்குக் காய்ச்சல்.

"நான் தலையாட்டினா திருப்புங்க மாமா, அவ்ளோதான்" என்றாள் ஸ்டெல்லா.

வாசிப்பு சூடு பிடித்ததும் தாளத்துக்குத் தலையாட்டினாள். திருப்பினேன். மறுபடி ஆட்டினாள். மறுபடி திருப்பினேன். இசை பாதியில் இருக்க, புத்தகம் முடிந்துவிட்டது!

ஒரு முறை முறைத்தாள். கை நிற்கவில்லை. மீதியை அவளும் அதே பியானோவில் இருந்த தோழியும் மனப்பாடமாகவே வாசித்து முடித்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

தேர்வுக் குழுக்காரர் ஓடிவந்தார். "நோட்ஸைப் பார்க்காமலே இப்படியா! நாலு பேரும் வந்துடுங்க."

ஓசூர் திரும்பும் பஸ் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டுவதற்குள் கம்பெனிக்கு ராஜினாமா மெயில் போய்விட்டது.

"எல்லாம் என்னாலதான்" என்றேன்.

"ஆமா மாமா. அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி, கடைசி வரிசையில உக்காருங்க."

கொழுந்தியாளுக்கு இதைவிடப் பெரிய உதவி செய்த மாமன் எவராவது இருந்தால், கமெண்டில் வந்து மோதவும்.