கம்பெனிப் பாக்கெட்டில் என் சோப்புத்தூள்

சோமனூரில் என் கணவர் ஓட்டும் தறிகளுக்குப் பாவு நூல் வராமல் பாதி நாள் வேலை நின்று கூலி குறைந்தபோது, சோப்புத்தூளை வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன். சலவை சோப்பைத் துருவிக் காயவைத்து, சலவைச் சோடாவோடு மிக்ஸியில் அரைப்பேன். காம்பவுண்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அதைப் பழைய கம்பெனிப் பாக்கெட்டில் கொட்டி வைத்தேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா அதில் ஒரு டம்ளர் கைமாற்றாக வாங்கிப்போனார். மறுநாள் சிவந்த கைகளோடு வந்து நின்றார்.

"அம்மணி, இது டூப்ளிகேட்டுப் பவுடராட்ட இருக்குது, கையெல்லாம் எரியுது. நீ தெருமுனைக் கடையிலதான வாங்கியிருப்பே? அந்தக் கடைக்காரனை ரெண்டு கேட்டுப்போட்டு வாரேன்."

நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். தெருமுனைக் கடையில் அவர் போட்ட சத்தம் வீடுவரை கேட்டது. கடைக்காரர், பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. ஓடினேன்.

"அவரைத் திட்டாதீங்க அக்கா. அது நான் ஊட்டுல செஞ்சது. சோடா சாஸ்தியாப் போட்டுப்போட்டேன்."

கடையில் நின்ற ஒருவர் சிரித்தார். "சோப்புத்தூள் வாங்கக்கூட வழியில்லீங்களா?"

முகம் சுட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"இப்போதைக்கு இல்லீங்க. அதனாலதான் செய்யறேன். இனியும் செய்வேனுங்க."

அக்காவின் கைகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபம் நியாயம்தான்.

இன்றும் செய்கிறேன், சோடாவை அளந்து, முதலில் என் கையில் கரைத்துப் பார்த்து. அக்காவின் கை எரிந்ததற்கும், கடைக்காரர் திட்டு வாங்கியதற்கும் வெட்கப்படுகிறேன். என் வீட்டுத் துணியை நானே செய்த தூளில் துவைப்பதற்கு யார் முன்னாலும் வெட்கப்பட மாட்டேன்.