நூலால் தைத்த தாள்கள்

ஒரு புத்தகத்தின் கடைசிப் பாரத்தில் நான்கு பக்கம் குறைந்தது. அதை நிரப்பப் போய் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்தேன். அச்சுத்தொழிலுக்கு வரும் இளையவர்கள் அறிந்துகொள்ள எழுதுகிறேன்.

யுத்த காலம். பி.ஏ. படித்துவிட்டுத் தருமபுரியில் ஓர் அச்சகத்தில் நான் புரூப் ரீடர். பொம்மிடிப் பக்கத்துக் கவிஞர் ஒருவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவருடைய நாட்குறிப்புகளைப் புத்தகமாகப் போட முதலாளி விரும்பினார். கவிஞரின் மனைவி செங்கம்மாள் நோட்டுகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கடைசி நோட்டில் சில தாள்களைச் சுற்றிலும் கறுப்பு நூலால் தைத்து மூடியிருந்தார்.

“அவரு கையெழுத்துங்க, கிழிக்க மனசு வல்ல. தச்சதை மட்டும் உட்டுருங்க சாமி.”

“தொடமாட்டேன்” என்றேன்.

ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்களைப் பாரம் என்போம்; ஒரு பாரத்துக்குப் பதினாறு பக்கம். கடைசிப் பாரம் பன்னிரண்டோடு நின்றது.

“ஏன்யா பி.ஏ., காயிதம் கெடைக்காத காலத்துல நாலு பக்கத்த வெள்ளையாவா வுடறது? மேட்டர் எதையாச்சும் தேத்தும்” என்றார் முதலாளி.

தைத்த தாள்கள் பற்றி அவருக்குத் தெரியாது. பிளேடை எடுத்தது நான்தான்.

மனைவியின் காலில் நெருப்புத் துண்டு விழுந்தும் அவளுக்குச் சுடவில்லை என்று உள்ளே கவிஞர் எழுதியிருந்தார். அந்த இடத்தில் தோல் வெளிறியிருந்ததாம். குஷ்டம். ஊருக்குத் தெரியாமல் இருவரும் ரயிலேறிப் போய் ஊசி போட்டு வந்திருக்கிறார்கள். அவர் எழுதியதிலேயே அதுதான் சிறந்த உரைநடை. படித்து அழுதேன். அழுத பிறகு கம்போசிங்குக்குக் கொடுத்தேன்.

புத்தகம் வெளிவந்ததும் அவர் ஊரில் யாரோ அந்தப் பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டினார்களாம். ஊர்க் கிணற்றில் செங்கம்மாள் குடத்தை இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தவர் என்னைக் கண்டதும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

“அங்கியே இருங்க. கிட்ட வந்தா உங்களையும் ஒதுக்கிருவாங்க.”

பிறகு அவரே கேட்டார்.

“நூலைப் பிரிச்சீங்களா, அறுத்தீங்களா?”

“அறுத்தேன்.”

“பிரிச்சிருக்கலாங்க. நெருக்கித் தச்சிருந்தேன், அரை நாள் புடிச்சிருக்கும். அதுக்குள்ள ஒருதரமாச்சும் என் நெனப்பு வந்திருக்கும்.”

அதன்பின் முப்பது வருடம் புரூப் பார்த்தேன். பாரம் குறைந்தால் வெள்ளையாகவே விட்டேன், திட்டு வாங்கினேன். நீங்களும் அப்படியே விடுங்கள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கத்தான் அன்று எடுத்துப் போயிருந்தேன். வாங்க அவர் கை நீட்டவில்லை.