மூன்றாவது நன்மையும் ஏழாவது நன்மையும்

சாமான் வாங்கப் போகும்போதுகூட, கடையில் எந்த அடுக்கு முதலில் வருமோ அந்த வரிசையில் பட்டியல் எழுதிக்கொண்டு போகிறவள் நான். வேலை, போக்குவரத்துப் பொறியாளர். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று ஒரு கட்டடம் எழுப்ப எங்கள் நிறுவனம் திட்டம் வரைந்தது. அதனால் அக்கம்பக்கத்தாருக்கு என்ன நன்மை என்று எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தேடித் தேடிப் பதினொன்று தேறின. பதினொன்று பார்க்க அழகாக இல்லை. 'பசுமைச் சூழல்' என்று பன்னிரண்டாவதைச் சேர்த்தேன். அது நான்கு தொட்டிச் செடிகள்.

மூன்றாவது நன்மை: சாலையோரப் பூக்கடைகளுக்கு முதல் மாடியில் குளுகுளுவென்று ஏர்கோன் போட்ட கடைகள். ஏழாவது: சாலையோரம் இரண்டு வரிசையாகக் கார் நிறுத்தும் வழக்கம் அறவே ஒழியும். ஏழாவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். மூன்று நாள் வெயிலில் நின்று, நிற்கும் கார்களைக் குறித்து எழுதியது நான்தான்.

சனிக்கிழமை காலை, சமூக மண்டபத்தில் அக்கம்பக்கத்தாருக்குப் பட்டியலையும் என் கார் கணக்கெடுப்பு வரைபடத்தையும் திரையில் காட்டி விளக்கி முடித்தேன். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் பூச்சோங் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நான் மல்லிகை வாங்கும் பூக்கார அக்கா.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை என்கிட்ட ரெண்டு முழம் வாங்குவீங்கல்ல? கார எங்க நிறுத்துவீங்க?"

என் பின்னால் திரையில், தவறாக நிற்கும் கார்கள் எல்லாம் சிவப்புக் கட்டங்களாக ஒளிர்ந்தன.

"டபள் சிக்னல் போட்டுட்டு... ரோட்டுலதான்க்கா."

"இறங்குவீங்களா?"

"இல்ல. கண்ணாடிய இறக்குவேன்."

"அந்த வெள்ளக் கார் நீதானா!" என்று பின்வரிசை அங்கிள் ஒருவர் கத்தினார். "எத்தன தடவ ஹார்ன் அடிச்சிருக்கேன்!"

மண்டபமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"எல்லாரும் அப்படித்தாம்மா வாங்குறாங்க. நான் மாடியில ஏர்கோன்ல உக்காந்தா, பார்க்கிங் தேடி, லிஃப்ட் ஏறி வருவீங்களா? உண்மைய சொல்லுங்க லா."

வருவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

"வரமாட்டேன்க்கா" என்றேன், மைக்கில்.

என் மேலாளர் கூரையைப் பார்த்தார்.

"அப்ப நான் என்ன பண்றது? ரெண்டு பிள்ளைங்க இந்தக் கடைய வச்சுத்தான் படிக்குதுங்க." கோபமாக இல்லை, சும்மாதான் கேட்டார்.

திங்கட்கிழமை என் கணக்கெடுப்புத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். கார் எண் இருந்தது, நின்ற நேரம் இருந்தது. ஏன் நின்றது என்று எழுத ஒரு கட்டம்கூட நான் போடவில்லை. பூக்கடைகளின் முன் நின்ற கார்களில் பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தில் கிளம்பியிருந்தன.

கட்டடத்தின் முகப்பில் நான் ஆசையாக வைத்திருந்த நீரூற்றை அழித்தேன். அந்த இடத்தில், கார்கள் உள்ளே வந்து, நின்று, உடனே போக ஒரு வழியும், அதன் ஓரத்தில் பூக்கடைகளும் வரைந்தேன். அந்த வெள்ளிக்கிழமை, வரைபடத்தைக் கார் ஜன்னல் வழியாக அக்காவிடம் நீட்டினேன். கார் எது, கடை எது என்று கேட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடை ஏன் இடது பக்கம்? டிரைவர் உக்காருறது வலது பக்கம்ல?"

நான் பட்டம் வாங்கியவள். கடைகளை வலது பக்கம் மாற்றினேன்.

அதை மேலாளரும் ஒத்துக்கொண்டார், கட்டுகிறவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது நன்மையில் 'முதல் மாடி' போய் 'தரைத்தளம்' வந்தது. 'அறவே ஒழியும்' என்று எழுதக் கூசியதால் ஏழாவதை நானே அடித்து நீக்கினேன். இப்போது பதினொன்று. பார்க்க இன்னும் அழகாக இல்லை.

அனுமதி வர நாளாகும். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் ரோட்டில்தான் நிற்கிறேன். போன வாரம் பூவைக் கையில் தந்துகொண்டிருந்த அக்கா, என் காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தவறாக நிற்கும் கார்களுக்கு அபராதச் சம்மன் எழுதுகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

"கிளம்புங்க தங்கச்சி," என்றார், "ஒங்க ஏழாவது நன்ம வருது."