டாக்டரம்மா கட்டிய பட்டை

டாக்டரம்மா போய்விட்டார் என்று காலையில் பால்காரர்தான் சொன்னார். நம்ப மனமில்லாமல் அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் பிள்ளையார்பாளையமே நின்றுகொண்டிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்க அவரிடம் கையை நீட்டாதவர்கள் அந்தக் கூட்டத்தில் யாருமே இல்லை.

எழுபதுகளில், விடிந்ததும் நெசவாளர்களான நாங்கள் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடும் நேரமாகப் பார்த்து வருவார். தறியில் உட்கார்ந்துவிட்டால் எங்களை எழுப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "நெஞ்சு வலின்னு வர்றவங்களுக்கு வைத்தியம் பாக்கறேன். ஒண்ணுமே இல்லாம வர்றவங்களத்தான் எனக்குப் பிடிக்கும்" என்பார்.

அப்போதுதான் எங்கள் சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறியிலேயே சாய்ந்து இறந்திருந்தார். அடுத்தது அப்பாவோ என்று வீடே பயந்துகிடந்தது. அவருக்கும் அழுத்தம் அதிகம். பீடியை விடச் சொன்னார் டாக்டரம்மா. ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றச் சொன்னார். விலை மலிவான மாத்திரை ஒன்றைத் தினமும் போடச் சொன்னார். பீடியை விட்ட அப்பா எங்கள் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார். ஆனாலும் அழுத்தம் இறங்கவே இல்லை.

"மாத்திரை போடறீங்களாப்பா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அது எதுக்கும்மா? நீங்க பட்டை கட்டி அமுக்கினாலே எறங்கிடுதே! கை லேசா இருக்குதும்மா."

மாத்திரைகள் முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. விசாரித்தால், தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டையைக் கட்டிக் காற்றடிப்பதுதான் வைத்தியமாம்! டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டார்.

"இனிமே மாத்திரை போட்டவங்களுக்குத்தான் பட்டை. மத்தவங்க கஞ்சி போடப் போங்க."

அப்பா பதறிப்போனார். "எடுத்து வைக்காதீங்கம்மா! தோ, போட்டுக்கினு வந்துடறேன்" என்று உள்ளே ஓடினார். அன்றிலிருந்து, கையை நீட்டும்போதே "போட்டுட்டேம்மா" என்று சொல்வது எங்கள் தெருவின் வழக்கமாகிவிட்டது. அப்பாவுக்கு அழுத்தம் இறங்கியது. பட்டையால்தான் இறங்கியது என்று அவர் கடைசிவரை நம்பினார். எவ்வளவு சொல்லியும் கேட்காததால் டாக்டரம்மாவும் விட்டுவிட்டார். "உசுரோட இருந்து தப்பாவே நினைச்சுக்கட்டும்பா" என்றார். என் பிள்ளைகளின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா போனார். அதற்காக அந்த அம்மாவை எத்தனை முறை கும்பிட்டாலும் தகும்.

இப்போது எனக்கும் அழுத்தம். மகள் வாங்கித் தந்த மெஷின் வீட்டில் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் தானே இறுக்கி, தானே அளவைக் காட்டுகிறது. எதுவும் கேட்பதில்லை. டாக்டரம்மாவை வழியனுப்பிய மறுநாள் காலையிலும் பட்டையைச் சுற்றிக்கொண்டேன். அது இறுகத் தொடங்கியதும், யாருமில்லாத கூடத்தில் வாய்விட்டுச் சொன்னேன்:

"போட்டுட்டேம்மா."