முனைக்குள் மூன்று கீறல்

பவேரிய மலையடிவாரத்தில் வரைகருவிகள் செய்கிற ஊர் அது. பதினாலு வயசில் பட்டறைக்குள் நுழைந்த அலோய்ஸ் ஹெஃபெலே, முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்தது ஒரே வேலைதான்: கோடு இழுக்கும் மைப்பேனாவின் முனையைத் தீட்டுவது. குருவி அலகு மாதிரி இரண்டு தகடு, நடுவில் மை, பக்கத்தில் ஒரு திருகு. தீட்டியவன் தகட்டின் உள்பக்கம் தன் கீறலைப் போட்டாக வேண்டும். பேனா கோளாறென்று திரும்பி வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே. அலோய்ஸுக்கு மூன்று கீறல், நடுக்கீறல் சாய்வு. அவன் தீட்டியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அவன் பெண்டாட்டி சென்சியின் தாத்தா ரயில் பாலத்துக்குப் படம் வரைந்தவர். அவருடைய கருவிப் பெட்டியை அவள் இவனைத் தொடவே விட்டதில்லை. சண்டை வந்தால் பாலம் கட்டின பரம்பரை என்று ஆரம்பித்துவிடுவாள், இவன் சாணைக்காரன்.

போன வசந்தத்தில் பெட்டியை ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாள். திறப்பு நாளில் தாத்தா பேனாவால் முதல் கோட்டை அலோய்ஸ்தான் இழுக்க வேண்டும் என்றார் மேயர். ஊரே கூடி நின்றது. மை விடுமுன் பழக்கதோஷத்தில் திருகைத் தளர்த்தி, தகட்டை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

மூன்று கீறல். நடுக்கீறல் சாய்வு.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அதேதான். தாத்தா செத்தபோது இவன் பிறக்கவே இல்லை.

"சென்சி, இது நான் தீட்டினது" என்றான், உதடு அசையாமல்.

அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. மைப்புட்டியை நீட்டுகிற சாக்கில் பக்கத்தில் குனிந்தாள்.

"தாத்தா பேனாவால ஜாம் மூடியை நெம்பினேன், முனை ஒடிஞ்சிருச்சு. அப்பா பாக்குறதுக்குள்ள கடையில புதுசு வாங்கி வெச்சிட்டேன். அப்ப நீ யாருன்னே எனக்குத் தெரியாது, மனுஷா. மானத்தை வாங்கிடாத."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக இவனைத் தொடவிடாமல் அவள் பூட்டி வைத்திருந்தது இவன் கைவேலையை.

"என்ன ஹெஃபெலே, வேலை எப்படி?" என்றார் மேயர்.

அலோய்ஸ் புட்டி மூடியிலிருந்த இறகுத் தண்டால் தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டு மை விட்டான். திருகை இறுக்கினான். அளவுகோலை ஒட்டி இழுத்தான். கோடு மயிரிழைபோல் ஓடியது, எங்கும் தடிக்கவில்லை.

"தீட்டினவன் வேலை தெரிஞ்சவன்" என்றான்.

மேயர் கை தட்டினார், ஊரும் தட்டியது. சென்சி அதற்கப்புறம் பாலத்தைப் பற்றிப் பேசவே இல்லை.