மூடியைத் திறந்த அவசரம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் அரிசி ஆலையைத் தெரியாதவர் கிடையாது. எங்கள் தெருவில் முதலில் கேமரா வாங்கியவனும் நான்தான்.

அதில் என் மனைவி ஜமீலாவை எடுத்த சில கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல்கள், அவள் மவுத்தான பிறகு பீரோவில் கிடைத்தன. கழுவாத ரோல்கள். படம் கழுவும் கடை மருந்துக்குப் பதிலாகக் காபித் தூள், சலவைச் சோடா, வைட்டமின் மாத்திரை கரைத்து, மகள் வீட்டிலேயே ஒன்றைக் கழுவினாள். ரோல் இருந்த டப்பாவை என்னிடம் கொடுத்து ஆட்டச் சொன்னாள்.

"அத்தா, திறந்துடாதீங்க. வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு."

"மூடியைத் தூக்கிப் பாத்தே நெல்லு அவிஞ்ச பதம் சொல்றவன்மா நான். எனக்கேவா?"

அடுத்த மருந்தை எடுக்க அவள் திரும்பினாள். ஜமீலா முகம் வந்திருக்குமா என்று மனம் அடித்துக்கொண்டது. திறந்துவிட்டேன்.

"ஐயோ அத்தா, மூடுங்க!"

மேல் சுற்றுப் படங்கள் அத்தனையும் வீண். உள்சுற்றில் ஒன்றே ஒன்று தப்பியது. களத்தில் நெல்லைக் காலால் கிளறியபடி, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். இன்னும் எத்தனை சிரிப்பு அதில் இருந்ததோ.

இப்போதெல்லாம் மகள் ரோல் கழுவ உட்கார்ந்தால், நான் ஆலைக் களத்தில் போய் நின்றுகொள்கிறேன். அவள் கூப்பிடும்வரை வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை.