ஈதர் மயக்கத்தில் பேசியது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அறுபதுகளில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். அப்போதுதான் இடது கண் துடிக்க ஆரம்பித்தது. சும்மா துடிப்பு இல்லை, கண் இறுக மூடி, கன்னம் ஏறி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், நான் நினைத்தாலும் நிற்காது. பார்க்கிறவர்களுக்குக் கண்ணடிப்பது போலவே இருக்கும். அருவியில் குளிக்கக் கூட்டம் வருகிற சாரல் நேரம், பஸ் நிறையப் பெண்கள், என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மேலகரம் தாண்டும்போது ஒரு அம்மா, "ஏலே, யாரப் பாத்துலே கண்ணடிக்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அறைந்துவிட்டாள். அறை வாங்கிய பிறகும் கண் துடித்தது, அதற்கு இன்னொன்று கிடைத்தது. முதலாளி, "சீக்கு தீந்தா வா, இல்லன்னா வேற வேல பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

மனைவியோடு மதராஸ் போனேன். அங்கே ஆஸ்பத்திரியில் சர்ஜன் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். காதுக்கு முன்னால் கீறி, முகத்துக்குப் போகிற நரம்பின் கிளைகளில் சிலதை வெட்டினால் துடிப்பு நிற்கும் என்றார். "ஒண்ணு கூடுதலா வெட்டிட்டா கண்ணு மூடவே மூடாது. சம்மதமா?" சரி என்றேன். முகமூடி வைத்து ஈதர் என்கிற மயக்க மருந்து கொடுத்தார்கள், அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது.

விழித்தபோது துடிப்பு இல்லை. மனைவி கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "நின்னுட்டுங்க, நெசமாவே நின்னுட்டு" என்று அழுதாள். பாதி முகம் தொங்கி, குடித்த காபி கடைவாயில் ஒழுகியது, அதெல்லாம் எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. சர்ஜன் வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்களுக்கு மலையாளம் தெரியுமா?"

"செங்கோட்டைப் பக்கத்து ஆளுக பஸ்ல பேசுவாங்க, நாலு வார்த்த தெரியும் சார்."

வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார்.

தினமும் கண்ணாடி முன் கன்னத்தை நீவி, உதட்டைக் குவித்துப் பழகினேன். மாதக்கணக்கில் ஆனது. வாய் நேராகி, பஸ்ஸில் ஏறி முதல் விசில் ஊதினேன் பாருங்கள், டிரைவர் அண்ணாச்சி திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்.

அடுத்த சாரலில் அந்த சர்ஜனே அருவியில் குளிக்க வந்து, நம்பினால் நம்புங்கள், என் பஸ்ஸிலேயே ஏறினார். குற்றாலத்தில் இறங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணை மூடித் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒரு கிளையில கத்திய வெச்சுட்டேன். அப்ப நீங்க பேசினீங்க. 'குட்டப்பா, அது முறிக்கண்டா'ன்னு. அத வெட்டாதேன்னு அர்த்தம். அவ்வளவு மயக்கத்துல நாக்கு அசையவே அசையாது. கத்திய எடுத்துட்டு அந்தக் கிளையில மறுபடி லேசா கரண்ட் வெச்சுப் பார்த்தேன், கண்ணு மூடிச்சு. கண்ண மூடுற கிளை அதுதான்."

"குட்டப்பன் யாரு சார்?"

"எங்க அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. வேற யாரும் கூப்பிட்டதில்ல. அவங்க போய் ரொம்ப வருஷமாச்சு."

"அதே மாதிரி ஒரு தடவ சொல்லுங்க" என்று கெஞ்சுவது போலக் கேட்டார், அவ்வளவு பெரிய டாக்டர். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை என்றார், சொன்னேன். தலையை ஆட்டினார்.

"இல்ல. இது உங்க குரல்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிப் பக்கம் நடந்துவிட்டார். அதற்குப் பிறகு, ராத்திரி தூக்கத்தில் ஏதோ பேசினீர்கள் என்று மனைவி சொன்னால், என்ன பேசினேன் என்று கேட்பதில்லை, யார் குரலில் என்றுதான் கேட்கிறேன்.